ஆச்சி சொல்லாமல் வைத்திருந்தது

 

இதை எழுத எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. எழுதுவதா வேண்டாமா என்று பல இரவு கதைத்தோம். ஆண்களும் வாசிக்கிற இடம் இது. எங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் இங்கே இருக்கிறார்கள். கடைசியில் முடிவு சொன்னது ஆச்சிதான். "என்ர பேரைப் போடாதேங்கோ. கோப்பாய் எண்டு போடுங்கோ. எங்கட ஊர்ப் பொம்பிளையளும் வாசிக்கட்டும்."

தெரியாதவர்களுக்கு: நாங்கள் ராத்தாவும் தங்கச்சியும். இருவரும் ஆசிரியைகள். கோப்பாயில் ஆச்சி வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். ஆச்சிக்கு 74 வயது. ஐந்து பிள்ளைகள் பெற்றவர். மூன்று பேர் வெளிநாட்டில், ஒருவர் கொழும்பில், ஒருவர் போரில் போய்விட்டார். எங்களை அவர் கூப்பிடுவது "பிள்ளையள்" என்றுதான்.

அன்று சனிக்கிழமை. சுபஹுத் தொழுதுவிட்டுத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தோம். வழமையாக அந்த நேரம் ஆச்சி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், பின்வளவு மலசலகூடத்திலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்துக் குனிந்தபடி வருகிறார். ஒரு கை சீலையைச் சுருட்டித் தொடைக்கிடையில் அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்லைப் பிள்ளையள், தலைச்சுத்து. கொஞ்சம் படுத்தாச் சரியாப் போயிடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அரை மணித்தியாலம் பொறுத்திருந்தோம். பிறகு தேநீரோடு உள்ளே போனால் விரிப்பில் இரத்தம். அப்போதும் சீலையை விலக்க விடவில்லை. "வழமையா வாற கட்டிதான். கையால தள்ளினா உள்ளுக்குப் போயிடும். இண்டைக்குப் போகுதில்லை" என்றார். "ஆச்சி, நாங்களும் பொம்பிளையள்தானே" என்று கெஞ்சித்தான் பார்த்தோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டில் ஆடு அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அது குடல் என்று விளங்க எங்களுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

1990க்கு அடித்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு 1990 என்பது ஒரு ஆண்டு. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்ட ஆண்டு. இந்த நாட்டின் இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் இலக்கமும் அதுதான். 2018 ஜூலையில்தான் அந்தச் சேவை வடக்குக்கு வந்தது. அன்று காலை அந்த நான்கு இலக்கத்தையும் நடுங்கிக்கொண்டே அழுத்தினோம்.

மறுமுனையில் தமிழில் பேசினார்கள். சொன்னவை இவ்வளவுதான். உள்ளே தள்ள வேண்டாம். நிமிர்த்திப் படுக்க வைத்து முழங்காலை மடித்து வையுங்கள். சுத்தமான துணியைக் கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து அதன் மேல் போடுங்கள், காயவிட வேண்டாம். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். கொண்டுபோன தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டோம். கைக்கு அகப்பட்ட சுத்தமான துணி, கழுவி மடித்து வைத்திருந்த எங்கள் வெள்ளைத் தொழுகைத் துப்பட்டி. அதைக் கிழித்து நனைத்தோம்.

ஆச்சிக்கு அப்போதும் வேறு கவலை. "ஆம்பிளையளோ வருவினம்?" வந்தவர்கள் ஆண்கள்தான். அவர்களில் ஒருவர் அறை வாசலில் நின்று ஒரு விரிப்பை எங்களிடம் தந்து, "நீங்கள் மூடிப்போட்டுச் சொல்லுங்கோ, பிறகு வாறம்" என்றார். அந்தத் தம்பி யாரென்று தெரியாது. அவருக்கு இன்றும் துஆச் செய்கிறோம்.

பெரியாஸ்பத்திரியில் அன்றே சத்திரசிகிச்சை. பெண்ணோயியல் வைத்தியரும் பொதுச் சத்திரசிகிச்சை வைத்தியரும் சேர்ந்தே செய்தார்கள். வெளியே வந்த குடலில் ஒரு சிறு துண்டு கறுத்துப் போயிருந்ததால் அதை வெட்டி இணைத்தார்கள். மற்றது நிறம் திரும்பிவிட்டது. இன்னும் சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று பிறகு சொன்னார்கள்.

இது என்ன நோய் என்று நாங்கள் கேட்டு, படித்து விளங்கிக்கொண்டதை எழுதுகிறோம். பிழை இருந்தால் வைத்தியர்கள் திருத்துங்கள்.

பெண்ணின் இடுப்புக்குள் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கீழிருந்து தாங்குவது ஒரு தசைத்தளம். மேலிருந்து பிடித்துக்கொள்வது சில நார்கள். பிள்ளைப்பேற்றில் இவை இழுபட்டுக் கிழிகின்றன. பாரம் தூக்குவது, ஆண்டுக்கணக்கான இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது எல்லாம் மேலிருந்து அமுக்குகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைந்து தசையும் தோலும் மெலிகின்றன. அப்போது உள்ளே இருப்பது கீழே இறங்கி, யோனி வழியே ஒரு கட்டி போல வெளியே தெரியும். எங்கள் பக்கத்தில் "அடி இறங்குது" என்பார்கள். வைத்தியசாலையில் கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள்.

ஆச்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பதினாறு வருடம். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் ஏதோ இறங்கியது. "எடுத்த சாமான் எப்பிடிப் பிள்ளை திரும்ப இறங்கும்? சொன்னாச் சிரிப்பினம் எண்டு விட்டிட்டன்." நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் கர்ப்பப்பையை எடுத்த பிறகும் யோனியின் மேல்முனை இறங்கலாம். அதற்குப் பின்னால் இருப்பது குடல். அந்த மெலிந்த சுவர் குடலின் பாரத்தைத் தாங்கித் தாங்கி இன்னும் மெலியும். ஆச்சிக்கு இரண்டு கிழமையாக இருமல், அதோடு மலச்சிக்கல். அன்று காலை முக்கும்போது சுவர் கிழிந்துவிட்டது.

இது மிக அரிது. வைத்திய உலகில் ஹையர்னோ என்பவர் 1864இல் முதன்முதலாகப் பதிவுசெய்தார். அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அந்தக் குறைவிலும் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்ற பெண்கள், பலர் முன்பு இடுப்புப் பகுதியில் சத்திரசிகிச்சை செய்தவர்கள். ஆகவே இதை வாசித்து யாரும் பயப்பட வேண்டாம். அடி இறங்கிய ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இப்படி ஒன்று நடக்கப் போவதே இல்லை.

ஆனால் ஆபத்து இந்த ஒரு வழியில் மட்டும் வருவதில்லை. சிறுநீர்ப்பை கீழே இறங்கும்போது சிறுநீர்க்குழாய் தண்ணீர்க் குழாய் மடிவது போல மடிந்து, திடீரென்று சிறுநீர் அடைத்துவிடலாம். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் இழுபட்டு நெரிந்தால், வலியே இல்லாமல் மாதக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகும். கால் வீக்கம், வாந்தி, சோர்வு என்று போய் இரத்தம் சோதித்த பிறகுதான் தெரியவரும். முழுதாக வெளியே வந்த கர்ப்பப்பை வீங்கி உள்ளே போக மறுக்கலாம். சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்கினால் பைக்குள் கல் உண்டாகலாம். சீலையில் உரசி உரசிப் புண் வரும், அந்தப் புண்ணை நாளடைவில் புற்றுநோய்க்காகவும் பார்க்க வேண்டியிருக்கும். தாங்குவதற்கு வைக்கும் வளையத்தை மாற்றாமல் வருடக்கணக்கில் மறந்துவிட்டால், அது சுவரை அரித்துச் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போட்டுவிடும்.

எங்களை உறுத்துவது இந்தப் பட்டியல் இல்லை. எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே எல்லா அடையாளமும் இருந்தது என்பதுதான். ஆச்சி கதிரையில் நேராக உட்கார மாட்டார், ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருப்பார். கொடியில் அவருடைய பழஞ்சீலைத் துண்டுகள் எப்போதும் தனியாக, மற்ற உடுப்புகளுக்குப் பின்னால் காயும். இரவில் நாலைந்து தடவை பின்வளவுக்குப் போவார். கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம். "கால் ஏலாது" என்பார், நாங்களும் தலையாட்டுவோம். வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் முகம் வாடி இருந்தால் கூப்பிட்டு விசாரிக்கிறவர்கள் நாங்கள். ஒரே வளவில் மூன்று வருடம் இருந்த ஆச்சியிடம் கேட்கவில்லை.

ஆச்சி வைத்தியசாலையில் இருந்த பதினொரு நாளும் இரவில் மாறி மாறி நின்றோம். ஒருநாள் அவர் பழைய கதை சொன்னார். தோட்டக் குடும்பம். வெங்காயமும் புகையிலையும். நாலாவது பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமையே தோட்டத்தில் இறங்கியிருக்கிறார். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுக்க எழும்பிப் போனபோது, மாமியாரை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு, தலையில் அரிசி மூட்டையோடு மழையில் கைதடிப் பக்கம் நடந்தவர்.

அதைக் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் உம்மாவும் அப்படித்தான் நடந்தவர், அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னால், அதே ஒக்டோபர் 30இல். எங்களில் மூத்தவள் அப்போது இருபத்தெட்டு நாள் பிள்ளை. நாற்பது முடியவில்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் குடியேறிய முதல் கிழமையிலிருந்தே உம்மா தண்ணீர்க் குடம் தூக்கினார். முகாமிலேயே இன்னும் இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் நடந்ததாலோ ஒரு குடம் தூக்கியதாலோ இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பெற்ற உடம்பு ஆறுவதற்கு நாள் வேண்டும், அந்த நாள் இந்த இருவருக்கும் கிடைக்கவில்லை.

அந்த இரவு வைத்தியசாலை வராந்தாவில் இருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தோம். உம்மா கதிரையில் இருந்து தொழத் தொடங்கி நாலு வருடம். "முழங்கால்" என்றார். ஆனால் அதே முழங்காலோடு குந்தியிருந்து தேங்காய் துருவுகிறார், மீன் வெட்டுகிறார். றமழானில் தராவீஹுக்குப் பெண்களோடு போவதை நிறுத்திவிட்டார். கலியாண வீட்டுக்குப் போனால் தண்ணீர் குடிக்க மாட்டார். ஆச்சியின் "கால் ஏலாது" என்பதும் உம்மாவின் "முழங்கால்" என்பதும் ஒன்றுதானா என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தொலைபேசியில் கேட்டோம். "இதெல்லாம் சொல்ற விஷயமா மகள்?" என்று வைத்துவிட்டார்.

சொல்லக் கூடாத விஷயம் என்று யார் சொன்னார்கள்? மார்க்கம் சொல்லவில்லை. அன்சாரிப் பெண்கள் வெட்கத்தைக் காரணமாக்காமல் தங்கள் உடம்பைப் பற்றிய சட்டங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஆயிஷா நாயகி பாராட்டியிருக்கிறார்கள். சிறுநீர் நிற்காமல் கசிகிறவர், ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, துணி கட்டி, வுளூச் செய்து தொழலாம் என்று எங்கள் ஷாபிஈ மத்ஹபிலேயே தெளிவாக இருக்கிறது. யாரோ ஒரு பெண் துணிந்து கேட்டதால்தானே இதற்கெல்லாம் பதில் இருக்கிறது? எத்தனை உம்மாமார் இது தெரியாமல், "எனக்குச் சுத்தமில்லை" என்று மனதுக்குள் அழுகிறார்கள்!

மொழியிலும் குறை இல்லை. கோப்பாயிலிருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில் மானிப்பாய். அங்கே 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தன் மாணவர்களோடு சேர்ந்து மேற்கத்திய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மகப்பேற்று நூல் ஒன்று 1857இலேயே தமிழில் அச்சானது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்து மாணவர்கள் தமிழில் படித்த விஷயத்தை, இன்று பட்டம் பெற்ற நாங்கள் எங்கள் தாயிடம் கேட்கச் சொல் தேடுகிறோம்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டும் இல்லை. நேபாளத்தில் மலைக் கிராமப் பெண்கள் பெற்ற சில நாளிலேயே பாரம் சுமக்கிறார்கள். இருபது, முப்பது வயதிலேயே அங்கே பலருக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடுகிறது. 2008இல் அந்த நாட்டு உயர்நீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்ட விஷயம், அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு நாட்டின் நீதிமன்றம் வாய்விட்டுப் பேசிய விஷயம்தான் எங்கள் வீட்டில் "முழங்கால்" என்று ஒளிந்திருந்தது.

ஆச்சி வீட்டுக்கு வந்த பிறகு, அவரைப் பார்க்க வரச் சொல்லி உம்மாவைப் புத்தளத்திலிருந்து அழைத்தோம். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. உம்மா ஒரு பை நிறையத் தொதலும் கருவாடும் கொண்டு வந்தார். "கருவாடு நான் தின்னமாட்டன், தொதலைத் தா தங்கச்சி" என்று ஆச்சி தொடங்கினார். இருவரும் பின் விறாந்தையில் இருந்து ஒக்டோபர் கதைகளைக் கதைத்தார்கள். நாங்கள் சமையலறையில் சத்தம் போடாமல் நின்றோம்.

"தங்கச்சி, உமக்கும் அடி இறங்குதோ?" ஆச்சி கேட்டது அவ்வளவுதான். நாலு வருடமாக நாங்கள் கேட்காததை ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

உம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "றுகூஉவுக்குக் குனிஞ்சா வந்திரும் அக்கா" என்றார்.

அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பெண் வைத்தியர் பரிசோதித்தார். சிறுநீர், இரத்தம், சிறுநீரக ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகத்தில் பழுதில்லை. உம்மாவுக்கு ஒரு வளையம் வைத்தார்கள். மென்மையானது, உள்ளே இருப்பது தெரியாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். அந்தத் திகதியை எங்கள் இருவரின் தொலைபேசியிலும் போட்டு வைத்திருக்கிறோம். தோல் மெலிந்திருந்ததால் பூசுவதற்கு ஈஸ்ட்ரஜன் கிறீமும் தந்தார்கள்.

வைத்தியம் என்றால் வயிற்றை வெட்டுவது என்றுதான் பலர் நினைத்துப் பின்வாங்குகிறார்கள். அப்படி இல்லை. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் தசைப் பயிற்சியே பலருக்கு உதவும். சிறுநீரை இடையில் நிறுத்துகிற தசையைச் சுருக்கிச் சுருக்கி விடும் பயிற்சி அது, ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் 1948இல் எழுதிப் பரவியது. சிறுநீர் போகும்போது செய்யக் கூடாது, மற்ற நேரத்தில் செய்ய வேண்டும். அடுத்தது வளையம். அதற்கும் அப்பால் சத்திரசிகிச்சை. அதிலும் பல வகை உண்டு. மிகவும் வயதானவர்களுக்கு, தாம்பத்திய உறவு இனி வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு, கீழ்வழியே சுருக்கி மூடுகிற ஒரு சிறிய முறை 1877இலிருந்தே இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு விறைக்க வைத்தும் செய்யலாம். எது பொருந்தும் என்பதை வைத்திய நிபுணர் சொல்வார்.

முதலில் யாரிடம் போவது என்று தயங்குகிறவர்கள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவரும் பெண்தான். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் நடத்துகிற சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. 35 வயது தாண்டிய பெண்களுக்கென்றே தொடங்கியது.

இனி வரும் பகுதியை மட்டுமாவது சேமித்து வையுங்கள். வீட்டில் அடி இறங்கிய ஒருவர் இருந்து, கீழே வந்தது வழமைபோல் உள்ளே போகாமல் வீங்கினால், நிறம் கறுத்தால், திடீரென்று இரத்தம் வந்தால், ஆறேழு மணித்தியாலம் சிறுநீர் போகாமல் அடிவயிறு உப்பினால், காய்ச்சலோடு வயிற்று வலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். குடல் போல எதுவும் தெரிந்தால் தள்ளாதீர்கள். படுக்க வைத்து, ஈரத்துணியால் மூடி, ஒன்றும் குடிக்கக் கொடுக்காமல் 1990க்கு அடியுங்கள். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் இது எல்லாம் பொருந்தும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் உம்மா, உங்கள் அம்மா உங்களிடம் இதைச் சொல்ல மாட்டார். ஆனால் அவர் தொழுகைக்குக் கதிரை கேட்கும்போது, கோயிலுக்கு வரவில்லை என்னும்போது, பயணத்தில் தண்ணீர் வேண்டாம் என்னும்போது, மனைவியிடமோ சகோதரியிடமோ சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போக ஓட்டோவுக்குக் காசையும் கொடுத்துவிடுங்கள்.

ஆச்சி இப்போது முற்றம் கூட்டுவதில்லை, நாங்கள்தான் கூட்டுகிறோம். பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது என்று கட்டளை. பப்பாசிப் பழமும் இலைக்கறியும் தினமும். "உங்கட தொழுகைச் சீலையை நாசமாக்கிப் போட்டன்" என்று இன்றும் சொல்லிக் கவலைப்படுகிறார். போன மாதம் மகனைக் கொண்டு வெள்ளைத் துணி மூன்று யார் வாங்கிப் பிடித்துத் தந்தார். உம்மாதான் அதைத் தைத்தார்.

உம்மா புத்தளம் திரும்பும்போது தொழுகைக் கதிரையைக் கொண்டு போகவில்லை. அது எங்கள் விறாந்தையில் கிடக்கிறது. ஆச்சி அதில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறார், நேராக.

இருவருக்கும் துஆச் செய்யுங்கள். தேவைப்படுகிற ஒருவருக்கு இதை அனுப்பிவிடுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.